பாதி திருப்பிய சாவி

வண்டி இன்றைக்கும் மக்கர் பண்ணுகிறது என்பது, மூன்றாவது மாடியில் போர்வைக்குள் கிடந்த பெரியவளுக்கு அங்கிருந்தபடியே தெரிந்துவிட்டது. கீழே சாவி திருகும் சத்தம். அதைத் தொடர்ந்து உறுமல் எதுவும் வரவில்லை. தொண்டை கட்டியவன் செருமுவதுபோல என்ஜின் ஓர் இழுப்பு இழுத்தது. பிறகு வெறும் டிக், டிக், டிக். பிறகு அதுவும் நின்றுபோய், கார் கதவை அறைந்து சாத்துகிற சத்தம்.

போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா பெரியவளே, அவன் வண்டி இன்னிக்கும் கிளம்பலை போல. எந்திரி" என்று சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். பெரியவள் என்பது பிறந்த வீட்டில் மூத்தவளுக்கு வைத்த செல்லப்பெயர். பிறந்த வீட்டார் வந்து போகும்போதெல்லாம் அந்தப் பெயரும் கூடவே வந்து, புகுந்த வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

அவள் புருஷன், பஸ் டிரைவர், மூச்சிரைக்கப் படியேறி வந்தான். மூக்கு நுனி சிவந்திருந்தது. கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிய அட்டை இன்னும் கையிலேயே இருந்தது.

"செத்துப்போச்சு."

"எதுங்க?"

"பேட்டரிதான், வேற எது? உன் தம்பி முதல்ல ஒண்ணு கொடுத்தான், செத்துது. வாரண்டின்னு சொல்லி இன்னொண்ணு மாட்டினான். இப்ப அதுவும் செத்துப்போச்சு. அவன் கடையில பேட்டரி விக்கிறானா, பொணம் விக்கிறானா?"

"கத்தாதடா, பாப்பா தூங்குது" என்று மாமியார் சால்வையைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் சுற்றினாள். "காதை மூடிக்கோ."

"காதை மூடினா டிப்போ கிட்ட வந்துடுமாம்மா?"

ஊருக்கெல்லாம் பஸ் ஓட்டுகிறவனுக்கு டிப்போவுக்குப் போக பஸ் கிடையாது. காலையில் புறப்படும் முதல் பஸ் அவனுடையது. விடிவதற்கு முன்பே போய்ச் சேரவேண்டும். கார் வாங்கியதே அதற்காகத்தான். ஆஸ்பத்திரி நர்சுகள், ரொட்டிக்கடை ஆட்கள், ஆபீஸ் கூட்டிப் பெருக்குகிற பெண்கள் என்று அவன் பஸ்ஸுக்கு ஒரு கூட்டம் இருந்தது. அவன் வரத் தாமதமானால், அத்தனை பேரும் பனியில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். போன தடவை பேட்டரி படுத்தபோதே டிப்போ மேலாளர் சொல்லிவிட்டார்: இன்னொரு தரம் இப்படி ஆனால் முதல் பஸ் வேறு ஆளுக்கு, நீங்கள் ரிசர்வில் உட்காருங்கள். ரிசர்வ் என்றால், யாராவது வராமல் போனால் மட்டும் வேலை. மற்ற நேரமெல்லாம் பெஞ்சில் தேநீரும் ஊர்க்கதையும்தான்.

"நடந்தே போறேன். மத்தியானம் வந்ததும் நேரா கடைக்குப் போறோம். நீயும் வர்ற" என்று சொல்லிவிட்டு அவன் தடதடவென்று இறங்கினான்.

பெரியவள் போர்வையை மடித்தாள். பேட்டரியைச் சாகடித்தது யார் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

*

அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் துவைக்கும் மெஷின்கள், நடுவில் உருளை இஸ்திரி, கடைசியில் மடிக்கிற மேஜை. மேலே நீராவி, கீழே எப்போதும் ஈரம். எந்தச் செருப்பு போட்டாலும் சாயங்காலத்துக்குள் விரலிடுக்கு ஊறி வெளுத்துவிடும். டிரைவர் மத்தியானம் திரும்பியதும் அவள் காரை எடுத்துக்கொண்டு போவாள். குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுவதால் திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இந்தக் குளிர்காலம் தொடங்கியபோது ஒருநாள், மாடிப்படி ஏறுவதற்குமுன் கால் கொஞ்சம் காயட்டுமே என்றுதான் வண்டியிலேயே உட்கார்ந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தரைத்தளத்து வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "புகை எங்க வீட்டுக்குள்ள வருதும்மா" என்றார். என்ஜினை அணைத்தாள். ஆனால் சாவியை உருவவில்லை. பாதி திருப்பி வைத்தால் ஹீட்டர் விசிறி ஓடும், ரேடியோ பாடும், கூரையில் இருக்கிற சின்ன விளக்கும் எரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். என்ஜினில் சூடு இருக்கும்வரை வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் காற்று வரும் இடத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் அவள் அம்மா இல்லை, மருமகள் இல்லை, பெண்டாட்டி இல்லை.

மறுநாளும் உட்கார்ந்தாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது.

காற்று குளிரத் தொடங்கினால் மேலே போய்விடவேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்திருந்தாள். பல நாள் காற்று குளிர்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாடியில் ஜன்னல் மஞ்சளாக எரியும். சில நாள் மகள் வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தெருவைப் பார்ப்பாள். 'இந்தப் பாட்டு முடியட்டும்' என்பாள் பெரியவள். பாட்டு முடியும், இன்னொன்று தொடங்கும். பெற்ற பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறது, கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே, நானெல்லாம் என்ன அம்மா என்று நினைத்துக்கொள்வாள். நினைத்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

முதல் தடவை பேட்டரி இறங்கியபோது இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமென்று சத்தியமாக அவளுக்குத் தோன்றவில்லை. தம்பி சார்ஜரோடு வந்தான். அந்த ஊர் பேட்டரிக் கடையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். "குளிர்ல நமக்குக் கை விறைக்குதுல்ல மாமா, பேட்டரிக்கும் அப்படித்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்தா எந்திரிச்சுடும்" என்று சிரித்தான். டிரைவரும் சிரித்தான்.

அது மறுபடி படுத்தபோது, தம்பி அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

"அக்கா, வண்டியை நிறுத்தினப்புறம் எதையாவது போட்டது போட்டபடி விட்டுடறீங்களா? லைட்டு, ரேடியோ, ஹீட்டரு?"

"இல்லையே."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவு வேகமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எல்லாம் பிடிபட்டது: விசிறி, விளக்கு, ரேடியோ. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

தம்பி அதை அப்படியே நம்பினான். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. முதலாளியிடம் வாதாடி, 'பேட்டரியே சரியில்லை' என்று எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, வாரண்டியில் புதியதை மாட்டிக் கொடுத்தான்.

அதற்குப்பின் சில நாள் அவள் நேராக மேலே போனாள். அப்புறம் ஒரு சாயங்காலம், வெறும் ஹீட்டர் மட்டும், ரேடியோ வேண்டாம் என்று உட்கார்ந்தாள். இன்னொரு நாள் ரேடியோவும், ஆனால் சத்தத்தைக் குறைத்து. சத்தத்தைக் குறைத்தால் பேட்டரிக்குத் தெரியாது என்பதுபோல.

*

மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியிலிருந்து கம்பி கொடுத்துக் காரைக் கிளப்பினார்கள். வழி முழுவதும் டிரைவர் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அவன் உள்ளே ஒத்திகை பார்க்கிறான் என்று அர்த்தம்.

கடைக்குள் அமில நெடி. சுவர் முழுக்க அலமாரிகளில் கறுப்புப் பேட்டரிகள் உட்கார்ந்திருந்தன. தம்பி கடைப்பெயர் போட்ட மேல்சட்டையோடு ஓடிவந்து கார் மூடியைத் திறந்தான். டெஸ்டரின் இரண்டு கிளிப்பையும் மாட்டினான். மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. அதைப் பார்த்ததும் அவன் புருவம் சுருங்கியது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு மாமா. காலியா இருக்கு, அவ்வளவுதான்."

"ஓ! காலிப் பாத்திரத்தை வித்துட்டு, பாத்திரம் நல்லாருக்குன்னு சொல்ற."

"இல்ல மாமா, வண்டி சார்ஜ் ஏத்துது, அதையும் பார்த்துட்டேன். எங்கேயோ இறங்குது..."

"இறங்குதுன்னா? ராத்திரி அதுவா எந்திரிச்சு ஊர் சுத்திட்டு வருதா?" டிரைவரின் குரல் ஏறியது. லாரிக்குப் பேட்டரி வாங்க வந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு என் பஸ்ஸைப் பிடுங்கிட்டாங்க மாப்ள. தெரியுமா உனக்கு? ரிசர்வ்ல உக்காரச் சொல்லிட்டாங்க. அத்தனை பேரு குளிர்ல நின்னாங்க. சொந்தக்காரன் கடையாச்சேன்னு நம்பி வந்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். இன்னும் எத்தனை பேர் தலையில இந்தக் குப்பையைக் கட்டின?"

"மாமா, மெதுவா..."

"எதுக்கு மெதுவா? ஏமாத்தினது நீ, மெதுவாப் பேசணுமா நான்?"

உள்ளறையிலிருந்து முதலாளி வந்துவிட்டார். மெல்லிய மனிதர், மெல்லிய குரல். அதனாலேயே அவரைப் பார்த்தால் பயமாக இருக்கும். "போன தடவை இவங்க பேட்டரியைக் கம்பெனிக்கு அனுப்பினோமே, குறை ஒண்ணும் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்கிட்ட அப்பவே சொன்னேன்" என்றார் தம்பியிடம்.

தம்பி சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். கடையில் அவ்வளவு பேர் இருக்க, அவனுக்கு அவள் ஒருத்திதான் கிடைத்தாள்.

"அக்கா, நீயாவது சொல்லேன். வண்டியில எதுவும் ஓடவிடறதில்லைன்னு நீ சொன்னல்ல?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, "எதுவும் ஓடலை" என்றாள்.

"பாத்தியா" என்றார் முதலாளி. "பேட்டரியில குறை இல்லைன்னு கம்பெனி சொல்லுது. வண்டியில எதுவும் ஓடலைன்னு உங்க அக்காவே சொல்றாங்க. அப்ப மிச்சம் என்ன? நீ மாட்டினதுதான் சரியில்லை. புதுக் கிளையை உன் கையில கொடுக்கலாம்னு இருந்தேனேப்பா. ஒரு பேட்டரியை ஒழுங்கா மாட்டத் தெரியலைன்னா..." முடிக்காமல் நிறுத்தினார். "இவங்களுக்கு மாத்து பேட்டரி ஒண்ணு போட்டுக் கொடுத்துட்டு, நீ பின்னால போய் லோடு இறக்கு. கவுண்டரை வேற ஆள் பார்க்கட்டும்."

தம்பி ஸ்பேனரை எடுத்தான். பழைய பேட்டரி ஒன்றை மாட்டினான். நட்டுகளை ஒருதடவைக்கு இரண்டுதடவை முறுக்கினான். தன் கைமேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. "என் தப்புதான் போல மாமா" என்றான். பிறகு மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்பக்கம் போனான்.

காரில் ஏறியதும் டிரைவர், "கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசிட்டேனோ?" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

"ஏண்டி, மூலையைக் கொடுன்னா முழங்கையைக் கொடுக்கற!" என்றாள் சோடாபுட்டி.

படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து, இழுத்து, உதறி, நடந்துவந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். தடிமனான கண்ணாடி போட்டதால் அந்தப் பெயர் வாங்கிய அந்த அக்காவும் பெரியவளும்தான் ஜோடி. கண்ணை மூடிக்கொண்டு மடிப்பார்கள். இன்றைக்கு ஒரு மூலையும் சேரவில்லை.

"அக்கா, வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்குப் போவீங்களா?"

"பின்ன, நேராப் போகாம வளைஞ்சா போவேன்? செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஆளாளுக்குப் பசிக்குதும்பாங்க."

"போகப் பிடிக்குமா?"

சோடாபுட்டி விரிப்பை இழுத்துப் பிடித்தபடி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "பிடிக்குதா பிடிக்கலையான்னு யாரும் கேட்டதில்லை. கேட்டா பதில் சொல்லலாம். ஒழுங்கா மூலையைக் கொடு."

பெரியவள் மூலையைக் கொடுத்தாள். வெள்ளைத் துணி இருவருக்கும் நடுவே உப்பி இறங்கியபோது, ஆணியில் தொங்கிய தம்பியின் மேல்சட்டைதான் கண்ணில் நின்றது. கல்யாணமாகி வந்த புதிதில், புகுந்த வீட்டில் யாராவது அவளை ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிப் போகிறவன் அவன். இன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அவனைச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்ததும் வண்டியை வீட்டுக்கு விடவில்லை. கடைக்கு விட்டாள்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். முதலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். தம்பி பின்வாசலில் ஒரு பேட்டரியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும், "மறுபடியும் நின்னுடுச்சா?" என்று பதறினான். அந்தப் பதற்றத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வண்டி நல்லாருக்கு. பேட்டரி நல்லாருந்துச்சு. நீ மாட்டினதும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான்."

"என்ன நீதான்?"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வண்டியை அணைச்சிட்டு, உள்ளேயே உக்காந்திருப்பேன். ஹீட்டரு, ரேடியோ, லைட்டு எல்லாம் போட்டுக்கிட்டு."

"எவ்வளவு நேரம்?" என்று முதலாளி கேட்டார்.

"காத்து குளிர்ற வரைக்கும். சில நாள் அதுக்கு மேலயும்."

"ஏன், வீட்டுல இடம் இல்லையா?" அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், ஒரு சின்னச் சிரிப்போடு. அவளுக்குக் காது மடல் எரிந்தது. தரையைப் பார்த்து, "இருக்கு" என்றாள்.

தம்பி பேட்டரியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"நான் அன்னிக்குக் கேட்டேன்ல அக்கா?"

"கேட்ட."

"மத்தியானம் மாமா எல்லார் முன்னாலயும் என்னை ஏமாத்துக்காரன்னு சொன்னப்ப நீ இங்கதானே நின்ன?"

"நின்னேன்."

"நான் உன்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டேன்."

கட்டியணைப்பான் என்றோ, பரவாயில்லைக்கா என்பான் என்றோ வரும் வழியில் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தாள். அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. குனிந்து பேட்டரியைத் தூக்கினான்.

"நாளைக்குக் கவுண்டருக்கே வந்துடுப்பா" என்றார் முதலாளி. "கிளை விஷயம்... அதை அப்புறம் பார்க்கலாம்."

"மாமாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லணுமா?" என்றான் தம்பி, அவளைப் பார்க்காமல்.

"நானே சொல்றேன்."

"போ. குளிருது." பின்வாசல்வரை போய்விட்டு, "ஹீட்டரைப் போடாத" என்றான்.

*

வண்டியை வழக்கமான இடத்தில் நிறுத்தி, அணைத்து, சாவியை முழுதாக உருவி, ஒரு நொடிகூட உட்காராமல் படியேறினாள். மாடி மாடியாக வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனாள். கதவைத் திறந்ததும் எல்லாம் சரிந்தன. டிரைவர் கூடத்தில் மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாளைக்கு ரிசர்வ்தானே, சீக்கிரம் தூங்க வேண்டிய அவசியம் இல்லை.

சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்ன, அதுக்குள்ள மேல வந்துட்ட? இன்னும் சோத்துக்குத் தண்ணியே வைக்கலையேம்மா."

"எப்பவும் வர்ற நேரத்துக்கு மேல ஆயிடுச்சேம்மா. ஏன் வைக்கலை?" என்றான் டிரைவர்.

"இன்னிக்கு வெளிச்சம் தெரியலையேடா."

"என்ன வெளிச்சம்?"

"வண்டிக்குள்ள இருக்குமே, அந்த வெளிச்சம்தான். அது அணைஞ்சதும்தான் தண்ணி வைப்பேன். இவ மேல வந்து, கை கால் கழுவி, உடுப்பு மாத்தி உக்கார்றதுக்கும் சோறு வேகறதுக்கும் சரியா இருக்கும்."

மகள் பென்சிலைக் கடித்தபடி எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன், கண்ணு இல்லையா எனக்கு? ஜன்னலுக்கு எதிர்ல நிறுத்திட்டு, தெரியுமான்னு கேக்கற."

"ஒரு நாள்கூட நீங்க..."

"என்னத்தைச் சொல்லணும்? அலுத்துப்போய் வர்ற, செத்த நேரம் உக்கார்ற. நீ மேல வந்தா நானும் டிவி சத்தத்தைக் குறைக்கணும். எனக்கும் அது சவுகரியமாத்தான் இருந்துச்சு." பிறகு மகன் முகம் போன போக்கைப் பார்த்துக் குரல் தணிந்தாள். "ஏண்டா, என்ன ஆச்சு? விளக்கு எரிஞ்சா ஏதாவது தப்பா?"

பெரியவள் சொன்னாள். அடுக்கி வைத்த வாக்கியங்கள் எதுவும் இல்லாமல், நின்ற இடத்திலேயே, ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். பேட்டரியை, தம்பியிடம் சொன்ன பொய்யை, கடையில் ஆட்டிய தலையை, இப்போது கடைக்குப் போய்விட்டு வந்ததை.

டிரைவர் கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மேஜைமேல் இருந்த அழிப்பானை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"வீட்டுக்கு வர்றது அவ்வளவு கஷ்டமா இருக்கா?"

"வீடு இல்லைங்க. வர்ற அந்த நேரம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றது? உங்களையெல்லாம் பார்க்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காம இருக்கணும்னா?"

அவன் அழிப்பானை மேஜைமேல் வைத்தான். தனக்குத்தானே சொல்வதுபோல, "அந்தப் பையனை என்னென்ன பேசினேன்" என்றான். "லாரிக்காரர் ஒருத்தர் வேற நின்னுக்கிட்டிருந்தாரு." எழுந்தான். சால்வையைச் சுற்றிக்கொண்டான். அவள் கையிலிருந்து கார் சாவியையும், மேஜையிலிருந்து கைபேசியையும் எடுத்துக்கொண்டு கீழே போனான்.

பெரியவள் சமையலறைக்குள் போனாள். அரிசியைக் களைந்து, அடுப்பைப் பற்றவைத்தாள். கை அதன் வேலையைச் செய்தது. பாத்திரத்தை அடுப்பில் வைக்கப்போனபோது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

காருக்குள் விளக்கு எரிந்தது.

இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. முன்கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது: அவன் தலை, காதோடு ஒட்டிய கைபேசி, ஸ்டீயரிங்கைச் சுரண்டுகிற விரல். இப்படித்தான் அவளும் தெரிந்திருப்பாள். தூக்கி வைத்த கால், ஆரஞ்சுத் தோல், பாட்டுக்கு ஆடுகிற விரல் எல்லாம். ஒளிந்துகொண்டதாக அவள் நினைத்திருந்த ஒவ்வொரு சாயங்காலமும், ஊரே பார்க்கிற மாதிரி ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கீழே அவன் பேசிக்கொண்டிருந்தான். நிறுத்தினான். நெற்றியைத் துடைத்தான். மறுபடி பேசினான். எதிர்முனையில் யார் என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வார்த்தைகளை வீட்டுக்குள் எல்லார் காதிலும் விழச் சொல்ல அவனால் முடியாது.

மாமியார் பின்னால் வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இவனும் ஆரம்பிச்சுட்டானா?"

"பேசிட்டு இருக்காரு அத்தை."

"பேட்டரி போயிடாது?"

"போனாப் போகட்டும்."

சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள் பெரியவள். களைந்த அரிசியை மூடி வைத்துவிட்டு, ஜன்னலிலேயே நின்றாள். கீழே விளக்கு இன்னும் அணையவில்லை.